தி அலார்ம்: பங்க் குழுவா, யூ2-வின் நகலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ஏதோ ஒரு பாட்டுப் பட்டியலில் 'ரெயின் இன் தி சம்மர்டைம்' ஓடியது, பிடித்துப்போனது, அதைப் பாடிய தி அலார்ம் குழு யார் என்று தேடினீர்கள். ஒருவர் "யூ2-வின் மலிவு நகல்" என்று (அயர்லாந்தின் பெரிய ராக் குழுதான் யூ2) எழுதியிருக்கிறார், இன்னொருவர் "வேல்ஸிலிருந்து வந்த அசல் பங்க் குழு" என்கிறார். எதை நம்புவது, அதோடு 1991ல் உடைந்த குழு 2023ல் எப்படி ஆல்பம் போட்டது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்தக் குழுவுக்குப் பங்க் வேர், அதாவது 1976 வாக்கில் பிரிட்டனில் கிளம்பிய வேகமான, கரடுமுரடான, கோபமான ராக் இசையின் வேர், நிஜமாகவே இருந்ததா, இல்லை பின்னால் ஒட்டிய பெயரா?

இருந்தது. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் வேறு. சத்தத்தில் மட்டும் தேடினால் 1987 வாக்கில் தடம் மறைந்துவிடும். வேலை செய்த விதத்தில் தேடினால் 2000க்குப் பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இசை விமர்சகன் கிடையாது. வடமேற்கு இங்கிலாந்தில் சின்னச் சின்ன அரங்குகளில் இருபது வருஷத்துக்கு மேல் மேடை ஒலி அமைப்பு பார்த்தவன், மிக்ஸருக்குப் பின்னால் நின்றே பாதி வாழ்க்கை போனது. அதனால் கிட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது, கூட்டம் எதற்கு அசைகிறது என்பதில் என் காதை நம்பிச் சொல்வேன். குழுவுக்குள் யாருக்கும் யாருக்கும் என்ன மனஸ்தாபம் என்பது போன்றவற்றில் நான் சொல்வது ஊகம்தான், அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் குழுவின் ஊர். ரில் என்பது வேல்ஸின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் ஒரு பழைய சுற்றுலா ஊர். லிவர்பூல், மான்செஸ்டர் தொழிலாளிக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு வந்து போகும் இடம். சீசன் முடிந்தால் கடற்கரைச் சாலையில் காற்று மட்டும்தான் இருக்கும். வேல்ஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் நிலக்கரிச் சுரங்கம், ரக்பி, ஆண்கள் பாடகர் குழு எல்லாம் பெரும்பாலும் தெற்குப் பக்கத்து அடையாளங்கள். ரில் பையனுக்குக் கார்டிஃப் தூரம், லிவர்பூல் பக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இந்தக் கடற்கரையில் 1959ல் பிறந்த, பின்னால் அலார்மின் பாடகரான மைக் பீட்டர்ஸ், 1976ல் பக்கத்திலிருக்கும் செஸ்டர் நகரத்துக்குப் போய் பங்க் அலையைக் கிளப்பிய செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் கச்சேரியைப் பார்த்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. பிஸ்டல்ஸின் முதல் ரெக்கார்டு கூட அப்போது வெளிவரவில்லை. அந்த ராத்திரிதான் தன் வாழ்க்கையை மாற்றியது என்று பீட்டர்ஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷமே குழு ஆரம்பித்தாயிற்று. பெயர் 'தி டாய்லெட்ஸ்'. ஆமாம், கழிப்பறைகள்தான். 1977ல் ஒரு பங்க் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. டிரம்ஸ் அடித்தவர், பின்னால் அலார்மில் நைஜல் ட்விஸ்ட் என்று அறியப்பட்டவர். அது சீக்கிரமே கலைந்து, 1978ல் 'செவன்டீன்' என்று இன்னொரு குழு. அந்தப் பெயரும் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததுதான். பீட்டர்ஸ், ட்விஸ்ட், எடி மெக்டானல்ட், டேவ் ஷார்ப் என்று பின்னாளைய அலார்மின் நாலு பேரும் இதிலேயே சேர்ந்துவிட்டார்கள். ஆனால் இசை மாறிவிட்டது: கோட்டு சூட்டு, துள்ளலான பாப் மெட்டு, 1980ல் ஒரே ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்டு), யாரும் கவனிக்கவில்லை. ஆக "பங்க் வேர்" என்பதற்கான நேரடிச் சாட்சியம் இது. 1976ல் பார்த்து, 1977ல் மேடை ஏறி, அடுத்த மூன்று வருஷம் எதுவும் ஒட்டாமல் திண்டாடியவர்கள். பங்க் ஓய்ந்தபின் தோல் ஜாக்கெட் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

1981ல் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். அந்த வருஷம் ஜூன் 6ம் தேதி, ரில்லுக்குப் பக்கத்து ஊரான பிரெஸ்டாட்டினில் விக்டோரியா ஹோட்டலில் புதுப் பெயரில் முதல் கச்சேரி. டாய்லெட்ஸ் காலத்துப் பாட்டு ஒன்றின் தலைப்புதான் பெயரானது. முதலில் 'அலார்ம் அலார்ம்' என்று இரட்டித்து வைத்திருந்தார்களாம், டுரான் டுரான் என்ற பாப் குழுவின் காலத்தில் இப்படி இரட்டைப் பெயர்கள் பெருகுவதை பிபிசி வானொலியில் ஜான் பீல் கிண்டல் செய்ததும் ஒன்றைக் குறைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே லண்டனுக்குக் குடிபெயர்ந்து, தங்கள் சொந்தக் காசில் 'அன்சேஃப் பில்டிங்' என்ற சிங்கிளை அச்சடித்தார்கள்.

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. பீட்டர்ஸும் ஷார்ப்பும் அப்போது வாசித்தது அகூஸ்டிக் கிட்டார். தெருவில் உட்கார்ந்து பாடுகிறவர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி மரக் கிட்டாரில் பிக்கப் (சத்தத்தை மின்சாரமாக மாற்றுகிற கருவி) பொருத்தி, ஆம்ப்ளிஃபையரில் சொருகி, பங்க் வேகத்தில் வாசித்தார்கள். மேடை ஒலி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு வம்பு என்று புரியும். அகூஸ்டிக் கிட்டாரின் வயிறு உள்ளே வெறும் கூடு. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அந்த மரப்பலகையை அதிர வைக்கும், அதிர்வைப் பிக்கப் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும், ஒரு நொடியில் மொத்த அரங்கும் 'ஊ' என்று கூவும். சத்தத்தைக் குறைத்தால் கூவாது, ஆனால் டிரம்ஸில் அமுங்கிப்போகும். இதற்கு ஒரு வழி, கம்பிகளைச் சும்மா விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது, அடுத்த கணமே உள்ளங்கையால் அமுக்குவது. அலார்மின் ஆரம்ப ரெக்கார்டுகளில் கிட்டார் ஒரு தாள வாத்தியம் மாதிரி 'சக்கு சக்கு' என்று அறைவதைக் கேட்பீர்கள். ஸ்வரத்தைவிட மரத்திலும் கம்பியிலும் கை படும் சத்தம் முன்னால் நிற்கும். அதில் பாதி இந்தத் தொல்லையைச் சமாளித்ததில் பிறந்தது என்று நான் நம்புகிறேன். மீதிப் பாதி அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களான வுடி கத்ரி, பாப் டிலன் பக்கத்திலிருந்து வந்தது. ஹார்மோனிகாவும் அங்கிருந்துதான். கிளாஷ் என்ற பங்க் குழுவின் கோபத்தை கத்ரியின் கிட்டாரில் வாசிப்பது என்ற யோசனையே அவர்களுடைய மூலதனம். 1981ல் சிந்தசைசர் எங்கும் பரவிக்கொண்டிருந்தபோது இது சுலபமாக எடுக்கக்கூடிய முடிவு இல்லை.

சரி, யூ2 விஷயத்துக்கு வருகிறேன். தொடர்பு இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. யூ2-வின் கச்சேரி ஏஜென்டாக இருந்த இயன் வில்சன்தான் அலார்மின் மேனேஜர் ஆனார். ஆர்.இ.எம். குழு இருந்த அதே ஐ.ஆர்.எஸ். கம்பெனியில் ஒப்பந்தம் ஆனது. 1983ல் யூ2 'வார்' ஆல்பத்தோடு அமெரிக்காவைச் சுற்றியபோது அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகக் கூடப் போனது அலார்ம். கொடி, கையை உயர்த்திப் பாடுவது, எல்லோரும் சேர்ந்து கத்துகிற பல்லவி, நம்பிக்கையைப் பற்றிய பாட்டு என்று மேடையில் பொதுவாக நிறைய உண்டு. இரண்டும் 1976-77 பங்க் அலையில் கண் விழித்த குழுக்கள், அதனால் ஒன்று போலத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் சத்தத்தை எடுத்துக்கொண்டால், 1983-84ல் இரண்டுக்கும் பெரிய ஒட்டு உறவு கிடையாது. யூ2-வின் கிட்டார்காரர் எட்ஜ், டிலே என்ற எதிரொலிக் கருவியை வைத்து, கொஞ்சமாக வாசித்து நிறையக் கேட்க வைப்பவர். இரண்டு ஸ்வரம் வாசித்தால் கருவி அதை எட்டாக்கித் தரும். அலார்ம் இதற்கு நேர் எதிர்: பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டு, முழுக்கை வீச்சு, எதிரொலிக்கு இடமே இல்லை. 1983ல் வந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 17ம் இடம் பிடித்த 'சிக்ஸ்டி எய்ட் கன்ஸ்' பாட்டை யூ2 வாசித்திருக்கவே முடியாது.

ஆனால் நீங்கள் கேட்ட 'ரெயின் இன் தி சம்மர்டைம்' வேறு கதை. அது 1987 கடைசியில் வந்தது. அதே வருஷம் மார்ச்சில் யூ2-வின் 'தி ஜோஷுவா ட்ரீ' வந்து உலகத்தையே புரட்டிப் போட்டிருந்தது. அந்தப் பாட்டில் அகூஸ்டிக் கிட்டாரை அறைகிற அந்தச் சத்தம் இல்லை, எதிரொலிக்கிற எலெக்ட்ரிக் கிட்டார், மிதக்கிற தாளம். அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் "யூ2 மாதிரி" என்று எழுதினால் அவர் காதில் தப்பில்லை. அது நல்ல பாட்டு, எனக்கும் பிடிக்கும், 18ம் இடம் வரைக்கும் போனது. ஆனால் அந்தப் பாட்டுக்காகத் தங்களிடம் மட்டுமே இருந்த ஒரு சத்தத்தை இறக்கி வைத்துவிட்டார்கள் என்று எப்போது கேட்டாலும் தோன்றும். இது என் தீர்ப்பு, ரசிகர்களில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1984ல் வந்த முதல் ஆல்பம் 'டிக்ளரேஷன்' பிரிட்டனில் 6ம் இடம் பிடித்தது. அதன் பிறகு எந்த ஆல்பமும் அந்த உயரத்துக்குப் போகவில்லை. 1985ல் 'ஸ்ட்ரெங்த்'. என்னைக் கேட்டால் முழு ஆல்பமாக அதுதான் அவர்களுடைய உச்சம். அதிலிருக்கும் 'ஸ்பிரிட் ஆஃப் 76' தலைப்பைப் பார்த்தாலே விஷயம் புரியும், ஒன்பது வருஷத்துக்குள் தங்கள் பங்க் நாட்களைத் திரும்பிப் பார்த்து, அன்றைக்குக் கூட இருந்த நண்பர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிற நீளமான பாட்டு. பொய்யாக ஒட்டிய அடையாளத்துக்கு இப்படி ஒரு பாட்டு எழுத வராது. 1986 ஏப்ரல் 12ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக வளாகத்தில் இலவசக் கச்சேரி, இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம், எம்டிவி வழியாகச் செயற்கைக்கோளில் நேரடி ஒளிபரப்பு. அந்த ஒரு மாலையை வைத்துப் பார்த்தால் இவர்கள் அடுத்த வருஷம் ஸ்டேடியம் நிரப்பப் போகிறார்கள் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். 1988ல் டிலனின் அமெரிக்கப் பயணத்தில் முன்னால் வாசித்ததும் இந்தக் குழுதான்.

அப்படி இருந்தும் ஏன் பெரிதாகவில்லை? உறுதியாகத் தெரிந்தது ஒன்று. லண்டன் இசைப் பத்திரிகைகள் இவர்களை ஆரம்பத்திலிருந்தே ஏளனம் செய்தன. நெட்டுக்குத்தாக நிற்கும் பெரிய தலைமுடி, கௌபாய் மாதிரி உடுப்பு, "எழுந்து நில்லுங்கள்" என்கிற வரிகள் எல்லாம் அவர்களுக்குச் சிரிப்பு. அந்த வருஷங்களில் மனதில் பட்டதைப் பட்டவர்த்தனமாகச் சொல்வது நாகரிகம் இல்லை, கொஞ்சம் விலகி நின்று பேசுவதே நாகரிகம். அலார்மால் அது முடியாது. அமெரிக்காவில் அந்த ஏளனம் இல்லை, கல்லூரி வானொலிகள் கொண்டாடின, ஆனால் அங்கேயும் ஒரு சிங்கிள் பொதுப் பட்டியலில் 50ம் இடம் வரைதான் ஏறியது. 1989ல் வந்த 'சோல்ட் மீ டவுன் தி ரிவர்' அது. இதற்கு மேல் சொல்வது என் ஊகம்: ஒவ்வொரு ஆல்பத்திலும் உருவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால் புதிதாக வருகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கவில்லை. அகூஸ்டிக் பங்க் என்று வந்தவர் 1987ல் மினுமினுப்பான பாப்பைப் பார்த்தார், அதைப் பிடித்து வந்தவர் 1989ல் ப்ளூஸ் சாயல் கொண்ட கனமான ராக்கைப் பார்த்தார்.

ஆனால் அந்த 1989 ஆல்பம் 'சேஞ்ச்' எனக்கு முக்கியம், வேறு காரணத்துக்காக. டேவிட் போவியோடு வேலை செய்த டோனி விஸ்கான்டி தயாரித்தது. அதில் முதல்முறையாக வேல்ஸை நேருக்கு நேர் பார்த்துப் பாடினார்கள். சுரங்கங்கள் மூடி, வேலை போய், ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த வேல்ஸ். 'எ நியூ சவுத் வேல்ஸ்' பாட்டில் மோரிஸ்டன் ஆர்ஃபியஸ் ஆண்கள் பாடகர் குழுவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, ரில் பையனுக்குத் தெற்கு வேல்ஸ் தூரம் என்று. பதின்பருவத்தில் லிவர்பூல் பக்கம் முகம் திருப்பி நின்ற ஒருவர், முப்பது வயதில் தெற்கே திரும்பி அந்த மக்களின் குரலையே கேட்டு வாங்கிப் பாட்டில் வைக்கிறார். அதோடு நிற்கவில்லை, அந்த ஆல்பத்தை முழுக்க வெல்ஷ் மொழியிலும் பாடி 'நெவிட்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 'நெவிட்' என்றால் மாற்றம். பீட்டர்ஸ் வெல்ஷ் பேசி வளர்ந்தவர் இல்லை, பிறகு படித்துக்கொண்டவர். எனக்கு வெல்ஷ் தெரியாது, உச்சரிப்பு எப்படி, மொழிபெயர்ப்பு எப்படி என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியும் இல்லை. ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான ஒரு ராக் ஆல்பத்தை, சில லட்சம் பேர் மட்டுமே பேசும் மொழியில் இன்னொரு முறை பாடியது அன்றைக்கு யாரும் செய்யாத வேலை. மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ், கேட்டடோனியா, சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் எல்லாம் வந்து வேல்ஸ் என்ற சொல்லுக்கே ராக் உலகில் மவுசு ஏறியது 1990களின் நடுவில்தான். அலார்ம் அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே தனியாக இதைச் செய்துவிட்டுப் போனார்கள், பலன் மற்றவர்களுக்குக் கிடைத்தது.

1991ல் 'ரா' என்ற ஆல்பம் வந்தது. குழு சோர்ந்திருப்பது எனக்கு அதில் கேட்கிறது. அந்த வருஷம் ஜூன் 30ம் தேதி லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி மேடையிலேயே, கச்சேரி முடிவில், தான் விலகுவதாக பீட்டர்ஸ் கூட்டத்திடம் அறிவித்தார். கூட வாசித்தவர்களுக்கும் அதே மேடையில்தான் செய்தி. பத்து வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு அப்படிச் சொன்னது சரியா என்று கேட்டால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை நாலு பேரும் நாலு விதமாக உணர்ந்திருப்பார்கள், அதில் நுழைய எனக்கு உரிமை இல்லை. பெரும்பாலான வரலாறுகள் இங்கே முடிந்துவிடும். எனக்கோ சுவாரஸ்யமான பாதி இதற்குப் பிறகுதான்.

1990களில் பீட்டர்ஸ் தனியாகப் பாடினார், பெரிய கம்பெனி ஆதரவு மெல்ல மெல்லப் போனது, அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வேறு வந்தது. அதிலிருந்து மீண்டு, ரசிகர்களுக்கு நேரடியாகத் தபாலில் சிடி விற்பது, இணையதளம், வருஷா வருஷம் வடக்கு வேல்ஸில் 'தி கேதரிங்' என்று ரசிகர்களைக் கூட்டி ஒரு வாரக்கடைசி முழுக்கப் பாடுவது என்று வேறொரு பாதை போட்டார். 2000 வாக்கில் அலார்ம் என்ற பெயரை மறுபடி எடுத்தார், ஆனால் குழு புதுசு. பாஸ் வாசித்த கிரெய்க் ஆடம்ஸ் முன்பு சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, தி மிஷன் இரண்டிலும் இருந்தவர், கிட்டார் ஜேம்ஸ் ஸ்டீவன்சன், டிரம்ஸில் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் ஸ்டீவ் கிராண்ட்லி. பழைய நாலு பேரும் ஒரே ஒரு முறை, விஎச்1 தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சேர்ந்து வாசித்தார்கள், அதோடு சரி. 1991ல் உடைந்த குழு எப்படி 2023ல் ஆல்பம் போட்டது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: பெயரும் பாடகரும் பாட்டும் அதே, மற்றவர்கள் வேறு. இதைக் குழு என்று ஒத்துக்கொள்வதா, பீட்டர்ஸின் தனி வண்டி என்பதா என்று ரசிகர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

2004ல் நடந்ததுதான் என் வாதத்துக்கு முதல் ஆதாரம். '45 ஆர்பிஎம்' என்று மூன்று நிமிஷத்துக்குள் முடியும் வேகமான பங்க் பாட்டு ஒன்றை எழுதிப் பதிவு செய்தார்கள். அலார்ம் என்ற பெயரில் போனால் நாற்பது தாண்டியவர்களின் பாட்டு என்று கேட்காமலே ஓரம் கட்டுவார்கள் என்று தெரியும். அதனால் 'தி பாப்பி ஃபீல்ட்ஸ்' என்று இல்லாத ஒரு குழுவின் பெயரைப் போட்டு, செஸ்டர் பக்கத்து 'தி வேரைடர்ஸ்' என்ற இளவட்டக் குழுவை வீடியோவில் வாயசைக்க வைத்து வெளியிட்டார்கள். பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 28ம் இடத்துக்குப் போனது. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. வயதையும் முகத்தையும் எடுத்துவிட்டால் பாட்டு நிற்கிறதா என்று பார்த்தார்கள், நின்றது. 1983க்குப் பிறகு பிறந்த எத்தனையோ பேருக்கு அலார்ம் என்ற பெயர் தெரியவந்ததே இந்தச் செய்தியால்தான். இதைத் தழுவி பிறகு 'வைனல்' என்று ஒரு படமும் வந்தது, ரில்லில்தான் படமாக்கினார்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் 'டாய்லெட்ஸ்' என்று பெயர் வைத்த அதே பையனின் வேலை இது. இசை வியாபாரத்தின் வாசல் மூடியிருந்தால் தட்டிக்கொண்டு நிற்காமல் பக்கத்துச் சுவரைத் தாண்டுவது. பங்க் என்று நான் சொல்வது இந்தக் குணத்தைத்தான்.

2005 கடைசியில் மறுபடி நோய், இந்த முறை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அடுத்த இருபது வருஷமும் அது விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது, இடையில் 2016ல் அவர் மனைவி ஜூல்ஸுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை நடந்தது. இதற்கு நடுவில் பீட்டர்ஸ் செய்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அமெரிக்க நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'லவ் ஹோப் ஸ்ட்ரெங்த்' என்ற அறக்கட்டளை தொடங்கினார். 2007 அக்டோபரில் ஸ்க்வீஸ் குழுவின் க்ளென் டில்புரூக், ஸ்ட்ரே கேட்ஸின் ஸ்லிம் ஜிம் ஃபான்டம் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு எவரெஸ்ட் பாதையில் நடந்து, 5,500 மீட்டருக்கு மேல் நின்று பாடினார். அந்தப் பணத்தில் நேபாளத்தின் பக்தபூர் புற்றுநோய் மருத்துவமனைக்கு உதவி போனது. இடையில் இரண்டு மூன்று வருஷம் பிக் கன்ட்ரி குழுவுக்கும் பாடகராக நின்றார். கச்சேரி அரங்குகளில், ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஸ்டெம் செல்லைக் கொடுக்க முன்வருகிறவர்களுக்கான பதிவு மேசை போட ஆரம்பித்தார்கள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பதிவானார்கள்.

அந்த மேசையை நான் நேரில் பார்த்தேன். பீட்டர்ஸ் ஒற்றை ஆளாக, ஒரு அகூஸ்டிக் கிட்டார், காலால் அடிக்கிற ஒரு பெரிய டிரம், இவ்வளவுதான் வைத்துக்கொண்டு வந்த ஒரு கச்சேரி. அன்றைக்கு எனக்கு வேலை இல்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். தொழில் புத்தி விடாது, கிட்டார் எங்கே கூவப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தேன். கூவவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் வலது கை அடிக்கிறதும் அமுக்குகிறதும் தானாக நடந்தது, எங்கே நின்றால் ஸ்பீக்கர் கிட்டாரைத் தொடாது என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. அரங்கத்தின் பின்பக்கம், டி-ஷர்ட் விற்கிற மேசைக்குப் பக்கத்தில், தன்னார்வலர்கள் பஞ்சுக்குச்சி வைத்துக்கொண்டு நின்றார்கள். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துக் கொடுத்தேன், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கொடுப்பவருக்கும் நோயாளிக்கும் பொருந்த வேண்டிய திசு வகை பெரும்பாலும் வம்சாவளியோடு போகிற விஷயம், தெற்காசியர்கள் பதிவேடுகளில் குறைவாக இருப்பதால் நம்மவர்களுக்குப் பொருந்தும் கொடையாளர் கிடைப்பது கஷ்டம். சென்னையிலேயே தாத்ரி என்ற பதிவேடு இருக்கிறது. ராக் கச்சேரிக்குப் போன இடத்தில்தான் எனக்கு இது உறைத்தது.

இசையையும் அவர் விடவில்லை. 2021ல் 'வார்' என்று ஒரு ஆல்பம், எழுதிப் பதிவு செய்து வெளியிட எடுத்துக்கொண்டது ஐம்பதே நாள். 2023ல் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து 'ஃபார்வர்ட்ஸ்'. 2024 ஏப்ரலில், ஐம்பது ஊர் அமெரிக்கப் பயணம் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், நோய் மிக வேகமான வகையாக மாறிவிட்டது தெரிந்தது. மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தார். 2025 ஏப்ரல் 29ம் தேதி இறந்தார், 66 வயது.

ஆக உங்களுக்கு நான் சொல்வது: நகல் என்ற பேச்சை 1987ன் ஒரு சில பாட்டுகளுக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வரிசை வேண்டுமென்றால், 'அன்சேஃப் பில்டிங்'கில் ஆரம்பித்து 'சிக்ஸ்டி எய்ட் கன்ஸ்', 'ஸ்பிரிட் ஆஃப் 76', அப்புறம் உங்களுடைய 'ரெயின் இன் தி சம்மர்டைம்', 'எ நியூ சவுத் வேல்ஸ்', கடைசியாக '45 ஆர்பிஎம்' என்று போங்கள். ஒரு எச்சரிக்கை, பழைய பாட்டுகள் சிலவற்றை பீட்டர்ஸ் பிற்காலத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறார், இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கும், வருஷத்தைப் பார்த்து எடுங்கள். 'அன்சேஃப் பில்டிங்'கை ஹெட்ஃபோனில் போட்டு, பாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரில் வலது கை என்ன செய்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு என்ன தோன்றியது என்று எழுதினால் சந்தோஷப்படுவேன்.